முழுப் புலமைப்பரிசில்

பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கிற நேரம் டொறத்தியின் மனம் மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த மண்டபக் குசினியில் நின்றது. மூடிவைத்த தட்டங்களுக்குள் ரோல்ஸ் வேர்த்து நனைந்துபோகும். முதல்நாள் பின்னேரம் முழுக்க நின்று செய்தவை. மீனும் கிழங்கும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, தூளில் பிரட்டி, நூற்றிருபது. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் தமிழ்ப் பூசை. எந்த வீட்டுப் பிள்ளையாவது படிப்பில் ஏதும் எடுத்தால் அந்த ஞாயிறு அதன் பெயர் வாசிக்கப்படும். பெயர் வாசிக்கப்பட்ட வீட்டுக்காரர் எல்லாருக்கும் ரோல்சும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

அறிவித்தல் வாசிக்கும் அன்ரன் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, கையிலிருந்த துண்டைப் பார்த்து வாசித்தார். ஜேசுரட்ணம் டொறத்தி தம்பதிகளின் மகள் செல்வி பிறின்சி, ஹாலே பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பதற்கு முழுப் புலமைப்பரிசில் பெற்றிருக்கிறார். ஆட்கள் கைதட்டினார்கள். ஜேசுரட்ணம் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டு இருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்ததை டொறத்தி கண்டாள். இருபத்தேழு வருடத்தில் அவரை அவள் அப்படிக் கண்டது குறைவு.

பிறின்சி கைதட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. தாயின் பக்கம் சரிந்து, "முழு எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

துண்டை எழுதிக் கொடுத்தது ஜேசுரட்ணம்தான். மண்டபத்தில் ரோல்சைக் கடித்துக்கொண்டே அன்ரனின் மனைவி கிறிஸ்ரினா, இனி உங்களுக்கென்ன, பிள்ளையை அரசாங்கம் பாக்கும், நீங்கள் ரெண்டுபேரும் கனடாவுக்கு ஒரு சுத்துப் போட்டு வாங்கோ என்றாள். டொறத்தி சிரித்தாள். மகளின் கேள்வி அவளுக்குள் ஒரு பக்கமாய் இருந்து குத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிறின்சி கடிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாய்த் தமிழில் சொன்னாள். கொடுப்பது அரசாங்கம் இல்லை, ஒரு அறக்கட்டளை. மாதம் முந்நூறு யூரோ. ஒரு வருடத்துக்கு. சோதனை முடிவுகள் நன்றாக இருந்தால் அடுத்த வருடமும். தாய் தகப்பன் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவேயில்லை. புள்ளிகளையும், அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததையும் மட்டும் பார்த்திருக்கிறார்கள். கெட்டித்தனத்துக்கான காசு. அதை வைத்துக்கொண்டு ஹாலேயில் அறை வாடகை கட்டலாம். பிள்ளைப்பணத்தையும் சேர்த்தால் சாப்பிடலாம், அதுவும் மாதம் முழுக்க இல்லை. புத்தகம், ஆய்வுகூடச் சாமான், ரெயில் எல்லாம் அதற்கு வெளியே.

மிச்சத்துக்குத்தான் பாவெக். வசதி காணாத வீட்டுப் பிள்ளைகள் படிக்க அரசாங்கம் கொடுப்பது. பாதி சும்மா, பாதி வட்டியில்லாத கடன். அந்தக் கடனிலும் ஒரு அளவுக்குமேல் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அதற்குத் தாயும் தகப்பனும் தங்கள் வருமானத்தை மூன்றாம் நம்பர் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

ஜேசுரட்ணம் சப்பாத்துக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், அதெல்லாம் சரிவராது என்றார். முந்நூறு தருகிறவன் இதைக் கேள்விப்பட்டால் அந்த முந்நூறையும் நிப்பாட்டுவான். ஒரு பிள்ளைக்கு ரெண்டு இடத்தில் கைநீட்ட விடமாட்டான்கள்.

"இல்லை அப்பா. கெட்டித்தனத்துக்குத் தாற காசு முந்நூறு வரைக்கும் பாவெக்கிலை கழிக்கமாட்டினம். சட்டத்திலை இருக்கு. அது வேறை, இது வேறை."

"சட்டத்தை எனக்குப் படிப்பிக்காதை."

அத்தோடு அந்த ஞாயிறு முடிந்தது. அவர் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துச் சாப்பிட்டார். பிறின்சி தன் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் விடுதி அறைக்கு ஓம் என்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் அறை வேறொருவருக்குப் போகும், அறை இல்லாமல் ஹாலேயும் இல்லை. மருந்தியல் படிப்புக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறவர்கள் அவளுக்குக் கொடுத்தது அந்த ஒரு ஊரைத்தான். முப்பது நிமிடத்தில் போய்வரக்கூடிய முன்ஸ்ரர் கிடைக்கவில்லை.

டொறத்தி வேலை செய்தது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில். காலை ஆறு மணிக்கு வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடும் பட்டியின் முன்னால் நின்றால், தட்டங்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்து வரும். தட்டத்துக்கு ஒரு அட்டை. சீனி வருத்தம், உப்பில்லை, அரைத்துக் கொடுக்கவும், பாதிப் பங்கு. அவளுடைய இடம் கிழங்கும் மரக்கறியும். பதினாலு வருடமாய் அவள் அட்டையைப் பார்த்தே கரண்டியை அள்ளினாள். ஆளைப் பார்ப்பதில்லை, ஆள் மேல்மாடியில் கட்டிலில் இருப்பார்.

செவ்வாய்க்கிழமை வந்த ஒரு தட்டத்தில் அட்டையோடு சின்னப் பச்சைக் கொடியும் குத்தியிருந்தது. பிறந்தநாள்காரர். வரிசைக் கடைசியில் நிற்கிறவள் அந்தத் தட்டத்தில் ஒரு துண்டுக் கேக் வைப்பாள். டொறத்தி வழமைபோலக் கிழங்கை வைத்தாள். வைத்துவிட்டு, கை அப்படியே நின்றுவிட்டது. கேக் வைக்கிறதற்காக யாரும் கிழங்கை எடுப்பதில்லை. கிழங்கு அவருக்குத் தேவை என்று அட்டை சொல்கிறது. கேக் அவருடைய நாளுக்கு. ரெண்டும் ஒரே தட்டத்தில் மேலே போகின்றன, மேலே ஒருவரும் உனக்கு ஏன் ரெண்டு என்று கேட்பதில்லை. மூன்று நாளாய்ப் பிறின்சி சொன்னது அவளுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அடுத்த தட்டம் வந்து முட்டியது. பக்கத்தில் நின்ற போலந்துக்காரி, என்ன தனியாய்ச் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

விளங்கியதைக் கொண்டுபோய் அன்று பின்னேரம் அவள் புருஷனிடம் சொன்னாள். குளியலறைக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு இளவேனிலிலிருந்து வேலைநேரத்தைக் குறைத்திருந்தார்கள். மூன்று மணிக்கே வீட்டில் இருந்தார். அவர் கேக்கையும் கிழங்கையும் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு மருந்துக்கடையில் ஒரு அவுஸ்பில்டுங் பார்த்தால் என்ன என்றார். தொழில் படிக்கிறபோதே சம்பளம் வரும். வீட்டிலிருந்தே போய்வரலாம்.

"அப்ப ஞாயிறு வாசிச்சது?"

"அதைப் பேந்து ஆரும் கேக்கப்போயினமே?"

டொறத்தி கத்தரிக்காயை வெட்டினாள். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு தானாகவே கதைத்தார். அவர் கதை சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"பத்து வயசிலை நான் புலமைப்பரிசில் பாஸ் பண்ண, பள்ளிக்கூட வாசல்லை கரும்பலகையிலை என்ரை பேரை எழுதி வைச்சவை. அய்யா என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய்க் காட்டினவர். அதுதான் புலமைப்பரிசில். ஒருத்தரிட்டையும் கேளாமல் வந்தது. இஞ்சை வந்து அகதி முகாமிலை இருக்கேக்கை துண்டு தந்தாங்கள், காசுக்குப் பதிலா. கடையிலை காசு வாங்கிற பெட்டை துண்டைத் தூக்கிப் பிடிச்சு, இதுக்குத் தலைமுழுகிற சம்பு குடுக்கலாமோ எண்டு உள்ளுக்கு நிக்கிறவனைக் கூப்பிட்டுக் கேட்டவள். எனக்குப் பின்னாலை பத்துப்பேர். நான் சம்புவை வைச்சிட்டு வந்திட்டன். அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி இவங்களிட்டை எனக்கு வசதியில்லை எண்டு ஒரு கடதாசியிலையும் எழுதிறதில்லை."

அவளுக்குத் தெரியாத கதை இல்லை. அவள் அப்போது சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. வெட்டின கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். அது கறுக்குமுன் அடுப்பில் வைக்கவேண்டியிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிறின்சி, இன்னொரு வழி இருக்கு என்றாள். தகப்பனோ தாயோ படிவத்தைத் தரமாட்டேன் என்றால், பிள்ளை அதை எழுதி இன்னொரு படிவம் கொடுக்கலாம். பாவெக் கந்தோர் காசைத் தரும். பிறகு அந்த ஆளுக்குத் தானே கடிதம் போட்டுக் கேட்கும். "ஆனா நான் அதைச் செய்யமாட்டன் அம்மா. அப்பாவிலை முறைப்பாடு குடுக்கிறமாதிரிக் கிடக்கு."

"என்ரை படிவம்?"

"உங்கடை தனி. அப்பான்ரை தனி. ரெண்டுபேருக்கும் வேறை வேறை."

டொறத்தி அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். மேலே ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. இந்த நாட்டில் அவள் பெயர் எழுதிய கடதாசிகளில் எல்லாம் முதலில் அவருடைய பெயர் இருந்தது. அவளுடையது அதற்குக் கீழே, அல்லது ஒரு கோட்டுக்குப் பிறகு. இதில் அவள் மட்டும் இருக்கலாம். அப்படியொரு இடம் தனக்கு வேண்டியிருந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாய் இருந்தது.

ஆனால் நிரப்புவதற்கு வரித்தாள் வேண்டும். வரித்தாள் வீட்டில் இல்லை, அன்ரன் வீட்டில் இருந்தது.

அங்கே இருந்த தமிழரில் பாதிப்பேரின் கடதாசிகள் அன்ரன் வீட்டு அலுமாரியில்தான் இருந்தன. தொண்ணூறுகளில் எல்லாருக்கும் முன்னம் டொச் மொழி படித்தவர் அவர். குடும்பத்துக்கு ஒரு ஓர்ட்னர், தடித்த கறுப்புக் கோவை, முதுகில் பெயர். வரி, பிள்ளைப்பணம், விசா, வேலைநீக்கம் எல்லாம் அவரே எழுதுவார். ஒரு சதமும் வாங்கமாட்டார். ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் ஒன்றும் நடக்காது.

புதன்கிழமை வேலை முடிந்து, தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் இருக்க, டொறத்தி அங்கே போனாள். தூறல். வரவேற்பறையில் இரண்டு பேர் கடதாசிகளோடு காத்திருந்தார்கள். கிறிஸ்ரினா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அண்ணை வரேல்லையோ தங்கச்சி?" என்றார் அன்ரன்.

"அவர் வீட்டிலை. எங்கடை ஓர்ட்னரைத் தாங்கோ அண்ணை. பிறின்சிக்குப் பாவெக் போடப்போறம். வரித்தாள் வேணும்."

காத்திருந்த இருவரும் தங்கள் கடதாசிகளைப் பார்த்தார்கள். கிறிஸ்ரினாதான் கேட்டாள்: "முழுக்கக் கிடைச்சதெண்டல்லோ வாசிச்சது?"

"முழுக்க இல்லை அக்கா. முந்நூறு. அது அவள் கெட்டிக்காரி எண்டதுக்கு. மிச்சம் எங்களுக்கு வசதி காணாது எண்டபடியாக் கேக்கிறம்."

வசதி காணாது. அந்த இரண்டு சொல்லையும் அவள் வெளியாட்கள் முன்னால் சொன்னது அதுதான் முதல்தடவை. சொன்னபிறகு அறை அப்படியேதான் இருந்தது. தேத்தண்ணியில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

அன்ரன் எழுந்து அவளை அலுமாரி இருந்த அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அந்தாளுக்குக் கோபமில்லை. குரலைத் தணித்து, பரிவோடுதான் சொன்னார்.

"உதை வெளியிலை சத்தமாச் சொல்லத் தேவையில்லை தங்கச்சி. இந்த அலுமாரிக்குள்ளை எத்தினை பிள்ளையளின்ரை பாவெக் கிடக்கு எண்டு உமக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் முழு எண்டுதான் வாசிச்சனான். நான் வாய் திறக்கிறேல்லை. உம்மடையையும் ஆருக்கும் தெரியாமல் அமத்தலா நிரப்பித் தாறன். அண்ணையின்ரை கையெழுத்துக்கும் நான் கதைச்சு ஒரு வழி பாக்கிறன்."

முதலில் அவளுக்கு வந்தது ஆறுதல்தான். தங்கள் வீடு மட்டும் இல்லை. எத்தனையோ ஞாயிறுகளில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் காணாமல் இருக்கு என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்த வீடுகளிலும் காணாமல்தான் இருந்திருக்கிறது. பிறகு அவளுக்குத் துவாரகனின் நினைவு வந்தது. அவளோடு வேலைசெய்த ஒருத்தியின் மகன். டோட்முண்டில் பொறியியலுக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் முழு வருது, எங்கடைக்கு வரேல்லை, அந்தளவுக்கு அவனுக்கு மூளை இல்லை என்று தாய் சொன்னாள், அவனுக்கு முன்னாலேயே. இப்போது அவன் பொதி விநியோகிக்கிறான். படிகளில் ஓடி ஏறுகிறபோது சிலவேளை டொறத்தியைக் கண்டு கைகாட்டுவான்.

ஆறுதல் இருந்த இடத்தில் வேறொன்று வந்து இருந்தது.

"துவாரகன்ரை தாயும் உங்களிட்டைத்தானே கடதாசி எழுதிறவ?"

"ஓம். ஆனா அவ உதைப்பற்றிக் கேக்கேல்லையே."

"இருக்கெண்டு தெரிஞ்சாத்தானே கேப்பா." டொறத்தி தன் ஓர்ட்னரைத் தானே இழுத்தெடுத்தாள். அது நினைத்ததைவிடக் கனமாய் இருந்தது. "அமத்தலா வேண்டாம் அண்ணை. வாற மாசம் திருத்தி வாசியுங்கோ."

"என்னெண்டு வாசிக்கிறது?"

"பிறின்சிக்கு முந்நூறு பரிசு, மிச்சத்துக்குப் பாவெக் கேட்டிருக்கினம் எண்டு. ரெண்டும் சேர்த்து எடுக்கலாம், விபரம் வேணுமெண்டா டொறத்தியிட்டை வாங்கோ எண்டு."

"உமக்கென்ன விசரே? அண்ணை என்ன சொல்லுவார்?"

"அவரிட்டை நான் சொல்லுறன். நீங்கள் வாசியாட்டி நான் வாசிப்பன். ஒலிவாங்கி என்ன ஒரு மூட்டைக் கனமே?"

ஓர்ட்னர் இங்கேயே இருந்தால்தான் ஒழுங்காய் இருக்கும் என்று அன்ரன் கடைசியாய் ஒருதரம் சொன்னார். அவள் அதை மழைக்கு மறைத்து மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் மடியில் வைத்துத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்திய வரித்தாள், அதைத்தான் படிவம் கேட்டது. இரண்டு வரிசை எண்கள், ஒன்றின் தலைப்பில் கணவர், மற்றதில் மனைவி. வங்கிக்கு வருகிற சம்பளம்தான் தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள்; அவருக்குக் குறைந்த வரி, அவளுக்குக் கூடின வரி என்று என்றோ அன்ரன் எழுதிவிட்ட ஏற்பாட்டால் அது எப்போதும் சின்னதாய்த்தான் இருந்தது. உனக்கென்ன வருது என்று ஜேசுரட்ணம் பகிடியாய்க் கேட்பார். அவளும் சிரிப்பாள். இப்போது, வரி கழிக்காத கணக்கில், அவளுடைய வரிசையில் இருந்த எண் அவருடைய எண்ணுக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது. அவள் விரலை வைத்து மூன்றுதரம் பார்த்தாள். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டாள். திரும்பி நனைந்துகொண்டு நடந்தாள். அந்த நனைவு அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்து, படிவத்தை வைத்து நிரப்பினாள். சந்தேகமான இடங்களைப் பிறின்சி சொல்லிக்கொடுத்தாள். ஜேசுரட்ணம் வாசலில் நின்று பார்த்தார். தன் பெயர் எழுதிய வெறும் படிவம் பக்கத்தில் கிடப்பதையும் பார்த்தார்.

"அன்ரனிட்டைப் போனனியோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன்."

அவர் முகம் கறுத்தது. பிறின்சி எழுந்து போகப் பார்த்தாள். டொறத்தி அவளை இருக்கச் சொன்னாள்.

"என்னை விலத்தி என்ரை பேரைச் சந்தியிலை போட்டிட்டாய்."

"உங்கடை பேரைச் சொல்லேல்லை. எங்களுக்குக் காணாது எண்டு சொன்னனான். அது என்ரை பேரும்தான்." அவள் பேனையை வைத்தாள். "நீங்கள் சம்புவை வைச்சிட்டு வந்த கதை. அடுத்த கிழமை அதே கடைக்கு நானும் போனனான், தெரியுமோ? அதே பெட்டை. அதே மாதிரித்தான் தூக்கிப் பிடிச்சவள். நான் வைச்சிட்டு வரேல்லை. மனேச்சர் வரும்வரைக்கும் நிண்டனான். எனக்கும் பின்னாலை ஆக்கள் நிண்டவை, புறுபுறுத்தவை. வாங்கிக்கொண்டுதான் வந்தனான். நீங்கள் அந்தச் சம்புவிலைதான் தலை முழுகினீங்கள்."

இத்தனை வருடமும் ஏன் அதைச் சொல்லவில்லை என்று டொறத்தி தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் தன் வெட்கத்தைப் பெருமையாய்ச் சொல்கிறபோதெல்லாம் தன்னுடைய பிடிவாதம் அவளுக்கு ஒரு குறைபோலத் தோன்றியிருந்தது. மானமுள்ளவர் வைத்துவிட்டு வந்தார், மானமில்லாதவள் வாங்கிக்கொண்டு வந்தாள் என்று. இப்போது அது அப்படித் தோன்றவில்லை.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் ஜேசுரட்ணம்.

"வையாதையுங்கோ. பிள்ளை மற்றப் படிவத்தைப் போடுவாள். கந்தோர் உங்களுக்குக் கடிதம் எழுதும். நீங்கள் மறுமொழி எழுதுங்கோ."

"அம்மா, நான்..." என்றாள் பிறின்சி.

"நீ கையெழுத்தை மட்டும் வை. பேச்சு விழுந்தா எனக்கு விழட்டும். ஹாலேக்கு ஓம் எண்டு இப்பவே எழுது, நான் பாக்கிறன்."

பிறின்சி கைப்பேசியை எடுத்தாள். அவளுடைய பெருவிரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலே நின்றது. பிறகு அழுத்தினாள். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் மற்றப் படிவத்தையும் இழுத்துக் கையெழுத்து வைத்தாள். ஜேசுரட்ணம் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடும் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் கணினியிலேயே அனுப்பலாம் என்று பிறின்சி சொன்னாள். டொறத்திக்குக் கையால் அனுப்பவேண்டும் போலிருந்தது. வியாழன் வேலை முடிந்து வரும் வழியில், தன் படிவமும் பிறின்சியின் படிவமும் இருந்த கடித உறையோடு மஞ்சள் தபால்பெட்டிக்குப் போனாள். ஐந்து மணிக்கு எடுப்பார்கள் என்று பெட்டியில் எழுதியிருந்தது. உறையைப் போட்டாள். அது கீழே விழுந்த சத்தம் கேட்டபிறகும் அவள் போகவில்லை. வீட்டுக்குப் போனால், ஐந்து மணிவரை தன் மனமே தன்னைத் திருப்பப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போவதைக் கண்ணால் கண்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க ஜேசுரட்ணம் கடைப் பையோடு அந்த வழியால் வந்தார். அவளைக் கண்டு நின்றார். பெட்டியைப் பார்த்தார்.

"போட்டிட்டியோ?"

"ஓம்."

"இன்னும் எடுக்கேல்லை என்ன?"

"அஞ்சுக்கு எடுப்பினம்."

அவர் போகவில்லை. பையைக் கீழே வைத்தார். பையில் பாணும் லீக்ஸும் இருந்தன. இரண்டுபேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும், பேருந்துக்கு நிற்கிறவர்கள் போல நின்றார்கள். வாகனம் வந்தது. இறங்கிய பெடியன் அவர்களுக்கு வணக்கம் சொல்லி, பெட்டியைத் திறந்து, பையை உருவி, வேறொரு வெறும் பையைக் கொழுவினான். ஜேசுரட்ணத்தின் கை ஒருதரம் முன்னுக்கு வந்தது. வந்த கை தன்னுடைய மேலங்கிப் பொத்தானைப் பூட்டியது. கதவு அடிபட்டது. வாகனம் சந்தியில் திரும்பி மறைந்தது.

"என்ரை தாளை என்ன செய்தனி?" என்று அவர் கேட்டார்.

டொறத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். வழமையாய் அவர் பையைத் தூக்கும்வரை நிற்பாள்.

"மேசையிலைதான் கிடக்கு. பேனையும் வைச்சிருக்கிறன். நாளைப் பின்னேரம் வரைக்கும் கிடக்கும். பேந்து எனக்கு மேசை வேணும்."